பல்லுக்கு நாலணா

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஆளாளாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், பிற்காலத்தில் "நானும் அன்னைக்கு அங்கனதான் நின்னேன்" என்று என்னிடமே வந்து சொன்னவர்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டினால் ஆனித் திருவிழாத் தேரை இழுத்துவிடலாம்.

முதலில் சங்கரலிங்கம் அண்ணாச்சி, பட்டறை முதலாளி. நெல் வியாபாரத்தில் சேர்த்த காசை இரும்பில் போட்டவர். இரண்டாவது, ஞானமுத்து மேஸ்திரி. பாளையங்கோட்டைக்காரர். எந்த மிஷினைக் கண்டாலும் முதலில் ஜெபம், அப்புறம் எண்ணெய். மூன்றாவது, கோமதிநாயகம் ஆசாரி. வார்ப்பு வேலைக்கு மரத்தில் அச்சு செய்து கொடுப்பவர். நான்காவது, எண்ணெய் எஞ்சினை ஓட்டும் மேலப்பாளையம் மைதீன். ஐந்தாவது, கங்கைகொண்டான் கந்தசாமி. நெல்லும் பருத்தியும் போடுகிற சம்சாரி. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற தன் ஜின்னுக்கு ஒரு பல்சக்கரம் செய்யக் கொடுத்துவிட்டு, அதை வாங்கிப்போக வண்டி கட்டி வந்திருந்தார்.

ஆறாவது நான், சுடலைமுத்து. மில்லிங் மிஷினுக்கும் மற்ற ஐந்து பேருக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"ஓட்ட மாட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

"என்னலே சொல்லுத?"

"ஓட்டினா மிஷினுக்குள்ள மாட்டியிருக்க இந்தச் சக்கரத்துக்கும் பல்லு போயிரும்."

"போகட்டும். பல்லுக்கு நாலணா. ஒனக்குத் தெரியாததா? இந்தத் தடவ பல்லோட சேந்து நீயும் போயிருவ. அதையும் தெரிஞ்சுக்க."

தெரியும். தெரிந்ததால்தான் குறுக்கே நின்றேன். என் சம்பளம் மாதம் பத்து ரூபாய். அந்த மிஷினில் நான் கைவைத்த ஆறு மாதத்துக்குள் அதன் உள்ளே இருந்த பித்தளைச் சக்கரம் மூன்று முறை பல் உதிர்த்தது. முதல் சக்கரத்தில் மூன்று பல், அடுத்ததில் ஐந்து, அதற்கடுத்ததில் நான்கு. ஆகப் பன்னிரண்டு பல்லுக்கு மூன்று ரூபாய் என் கூலியில் பிடித்தாகிவிட்டது. அன்று மாட்டியிருந்தது நான்காவது சக்கரம். அதுவும் உடைந்தால் வேலை கிடையாது என்று அண்ணாச்சி சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருந்தார்.

வீட்டில் என் மனைவி ஆவுடைக்கு ஏழு மாதம். ஒவ்வொரு சம்பளத்தன்றும் காசை எண்ணி வாங்கிக்கொண்டு, "மனுசன் வாயில பல்லு போனாக்கூட இம்புட்டுச் செலவு வராது" என்பாள்.

இரும்பை அரைத்து யார் தின்பது

அந்த மிஷின் திருநெல்வேலிக்கு வந்ததே ஒரு கூத்து.

தூத்துக்குடியில் நொடித்துப்போன ஒரு பட்டறையின் சாமான்களை ஏலம் விட்டார்கள். அண்ணாச்சி போனது சாக்கு வாங்க. ஏலக்காரன் "மில்லிங் மிஷின்" என்று கூவினான். நெல் வியாபாரியின் காதில் அது "மில்லு" என்று மட்டும் விழுந்தது. நெல் குத்துகிற மில் இவ்வளவு மலிவா என்று, யாரும் எதிர்த்துக் கேட்காதபோதே தன் விலையைத் தானே இரண்டு முறை ஏற்றி வாங்கிவிட்டார்.

ஊருக்கு வந்து மூட்டை பிரித்த பிறகுதான் தெரிந்தது, அதில் நெல்லைக் கொட்ட வாயே இல்லை என்று. இரும்பை வெட்டிப் பல்சக்கரமும் இன்ன பிறவும் செய்கிற மிஷின் அது. திருப்பிக் கொடுத்தால் ஊர் சிரிக்கும். அதனால் அண்ணாச்சி, "இதத்தான்வே தேடிப்போனேன்" என்று சொல்லிக்கொண்டு, அதைச் சுற்றி ஒரு பட்டறையைக் கட்டினார். சட்டைக்குப் பொத்தான் வாங்குவார்கள். பொத்தானுக்குச் சட்டை தைத்தவர் எங்கள் அண்ணாச்சி.

வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு பெண், அவித்துக் காயவைத்த நெல்லைக் கடகத்தில் தூக்கிக்கொண்டு வந்து, "மில்லுக்காரவுகளே, எவ்வளவு நேரமாவும்?" என்று கேட்டாள்.

"இது இரும்பு வெட்டுத மிஷினும்மா" என்றார் மேஸ்திரி.

"இரும்ப அரைச்சு யாரு திங்கப்போறா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். பட்டறைக்கு முதல் ஒரு வருடம் வேலையே இல்லை.

மிஷினுக்கு மேலே வெட்டுகிற வட்டு சுழலும். கீழே இரும்பைப் பிடித்திருக்கும் பலகை அதை நோக்கிப் பைய நகரும். அந்தப் பலகையை நகர்த்தும் சக்கரங்களில் ஒன்று மட்டும், வண்டியில் வரும்போது வல்லநாட்டுப் பக்கம் எங்கேயோ விழுந்து தொலைந்துவிட்டது. கையால் சுற்றி நகர்த்தலாம். ஆனால் வெட்டு அலையலையாக வரும்.

மேஸ்திரி இடைவெளியை அளந்து, மிஷினில் பதித்திருந்த தகட்டைப் பார்த்து, இன்ன அகலம், நாற்பது பல் என்று சொன்னார். ஆசாரி மரத்தில் அச்சு செய்தார். இரும்பில் வார்க்க மதுரைக்குப் போகவேண்டும், காசு அதிகம். ஊரிலேயே குத்துவிளக்கு வார்க்கிற ஒருவரிடம் கொடுத்துப் பித்தளையில் வார்த்தார்கள். அந்த வகையில், உலகத்திலேயே குத்துவிளக்கின் உடன்பிறப்பு ஓடிய மில்லிங் மிஷின் எங்களுடையது ஒன்றுதான்.

நான்காம் வகுப்பு

'நாலாம் வகுப்போடு ஏன் நின்றுவிட்டீர்?' என்று இந்தப் பத்திரிகையில் வந்த என் போன வாரத்துக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தென்காசி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வறுமை என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். ஆனால் அது பொய்.

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றார்கள். என்னைத்தான் எழுப்பிக் கேள்வி கேட்பார் என்று எனக்கு எப்படியோ நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. மூன்று நாள் குறுக்குத்துறை ஆற்றங்கரையில் ஒளிந்துகொண்டேன். இன்ஸ்பெக்டர் முதல் நாளே வந்து, வெல்லம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். நான்காம் நாள் போயிருக்கலாம். ஆனால் மூன்று நாள் எங்கே போனாய் என்று வாத்தியார் கேட்பாரே என்று பயம். ஒரு வாரம் கழித்து, ஒரு வாரம் எங்கே போனாய் என்று கேட்பாரே என்று பயம். அப்படியே வளர்ந்துவிட்டேன்.

அந்த மூன்று நாளும் உட்கார்ந்து படித்துறையின் படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. மனசு அடித்துக்கொண்டால் எதையாவது எண்ணுவது அன்றைக்குத் தொற்றிய வியாதி. ஆவுடையைப் பெண் பார்க்கப் போன அன்று அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஓட்டுக்கூரையில் எத்தனை கைமரம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எண்ணெய், எலுமிச்சம்பழம், ஜெபம்

சக்கரத்தின் நோய் இதுதான். மிஷினை ஓட்டினால் முக்கால் சுற்று சத்தமில்லாமல் போகும். மிச்சக் கால் சுற்றில் 'டக் டக் டக்' என்று உதைக்கும். மறுபடி முக்கால் சுற்று அமைதி. ஆழமாக வெட்டக் கொடுத்தால் அந்த 'டக்'கில் ஒன்று 'டொக்' ஆகும். எட்டிப் பார்த்தால் எண்ணெய்ப் பள்ளத்தில் பல் கிடக்கும்.

மேஸ்திரிக்குச் சந்தேகமே இல்லை. "எண்ணெய் பத்தலலே." விளக்கெண்ணெய் விட்டோம். கேட்கவில்லை. நல்லெண்ணெய் விட்டோம். பட்டறை முழுக்கத் தோசை வாசனை வந்தது. சத்தம் அப்படியே இருந்தது. இலுப்பெண்ணெய் நாற்றத்தில் பட்டறைப் பூனை ஓடிப்போயிற்று. மாட்டுக்கொழுப்பு தடவலாம் என்று மேஸ்திரி சொன்ன அன்று, அண்ணாச்சி சாமி படத்தைத் திருப்பிவைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஏசினார்.

பிறகு தண்டு வளைந்திருக்கிறது என்றார்கள். கழற்றி, நூல் கட்டிப் பார்த்தோம், நேராகத்தான் இருந்தது. சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிற சாவி ஆடுகிறது என்றார்கள். புதுச்சாவி அடித்தோம். எஞ்சினிலிருந்து மிஷினைச் சுற்றுகிற தோல்வார் இழுப்பு அதிகம் என்றார்கள். தளர்த்தினோம். வார் வழுக்கி மைதீன் தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு போயிற்று.

கடைசியில் எல்லோருமாகக் கண்டுபிடித்தது கண்ணேறு. யார் கண்? வேலையே வராத பட்டறையைப் பார்த்துப் பொறாமைப்பட ஊரில் யார் இருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் திருச்செந்தூர் விபூதி வந்தது. மிஷினுக்கு மேலே பூசணிக்காய் தொங்கிற்று. புதுவண்டிக்கு வைப்பதுபோல எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து ஓட்டினார்கள். சத்தம் நின்றுவிட்டது! அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பழம் அரைபட்டுத் தீர்ந்ததும் மறுபடி 'டக் டக் டக்'.

மேஸ்திரி தன் பங்குக்கு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் மிஷினைச் சேர்த்துக்கொண்டார். அதையும் குறைசொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமையில் ஒருநாளும் அது உடைந்ததில்லை, அன்றைக்கு விடுமுறை.

இத்தனை வைத்தியத்துக்கும் நடுவில், உடைந்த ஒவ்வொரு சக்கரத்துக்கும் பதிலாக அதே மர அச்சை எடுத்துப்போய் அதே ஆளிடம் புதிதாக வார்த்து வந்தார்கள். அச்சை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. அண்ணாச்சியே பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு எண்ணிச் செய்வித்த அச்சு அது. ஆகவே குற்றவாளி மிஷினை ஓட்டுகிறவன்.

சுண்ணாம்புப் பொட்டு

அன்று காலையில் நான்காவது சக்கரத்தை மாட்டியதும், எஞ்சினை விடுவதற்கு முன் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். முக்கால் சுற்று வழுக்கிக்கொண்டு போயிற்று. கால் சுற்று கையில் உதைத்தது.

சாப்பாட்டு வேளை வந்தது. பயம் வந்தால் எண்ணவேண்டுமே. மைதீனின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு வாங்கி, சக்கரத்தின் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே எண்ணினேன். நாற்பத்தொன்று வந்தது. மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று. ஏழு தடவை எண்ணிவிட்டு மைதீனைக் கூப்பிட்டேன்.

"ஏம் மைதீன், ஒருக்கா எண்ணிப் பாரும்."

அவர் பைய எண்ணிவிட்டு, "நாப்பத்தொண்ணுவே. ஏன், ஒமக்கு எத்தன வேணும்?" என்றார்.

அதுதான் எனக்குத் தெரியாது. சக்கரம் செய்த காலத்தில் நான் அங்கே இல்லை. அந்தப் பழைய கதையைச் சொல்லும்போது மேஸ்திரி தகடு என்று ஏதோ சொன்னது ஞாபகம் வந்தது. தகட்டைத் தேடினால், ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அப்பிய சந்தனமும் குங்குமமும் ஒரு விரல் கனத்துக்குக் காய்ந்து கிடந்தது. மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டினேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எண் தெரியும். அந்தச் சக்கரத்தின் படத்துக்கு நேரே 40 என்று இருந்தது.

வேலைப் பெட்டிக்கு அடியில், உடைந்த மூன்று சக்கரங்களையும் நான் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். நாளைக்கு அண்ணாச்சி இருபது பல் உடைந்தது என்று சொல்லிவிட்டால் சாட்சி வேண்டுமே. அவற்றை ஒரு கம்பியில் கோத்து, சாவி பூட்டுகிற குழிகள் ஒரே நேராக வரும்படி அடுக்கினேன். மூன்றிலும் பல் போன இடம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. புதுச்சக்கரத்தில் அதே இடத்தைப் பார்த்தேன். மற்ற இடத்தில் எல்லாம் சுண்ணாம்புப் பொட்டுகள் சம தூரத்தில் இருந்தன. அந்தக் கால் வட்டத்தில் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பத்துப் பல் இருக்கவேண்டிய இடத்தில் பதினொன்று. கல்யாணப் பந்தியில் கூடுதலாக ஒருவர் வந்து ஒண்டினால் இலைகள் ஒன்றையொன்று மிதிக்குமே, அந்த மாதிரி. எதிர்ச்சக்கரத்தின் பல் இறங்க இடமில்லாமல் இடிக்கிறது. இடித்தால் பித்தளை எவ்வளவு தாங்கும்?

அந்த நேரம் பார்த்துக் கந்தசாமியின் வண்டி வந்து நின்றது. அண்ணாச்சி, "ஓட்டுலே" என்றார். நான் கையை விரித்தேன்.

லாபம்

"நாப்பத்தொரு பல்லா?" அண்ணாச்சி சிரித்தார். "ஏலே, நானே எண்ணினேன்லே. நாப்பது. ஒருத்தனையும் நம்பாம நானே எண்ணினேன்."

"ஆமா, அண்ணாச்சிதான் எண்ணினாவ" என்றார் ஆசாரி. பாவம், முதலாளிக்கு ஆதரவாகப் பேசுவதாகத்தான் அவருக்கு நினைப்பு. "வட்டத்துல காம்பஸ் வச்சு நான் கோடு போட்டுக்கிட்டே வாரேன். அண்ணாச்சி பக்கத்துல இருந்து எண்ணிக்கிட்டே வாராவ. வட்டம் நெறஞ்சு போச்சு. அண்ணாச்சி கணக்குல முப்பத்தொம்போதுதான். 'நாப்பதாவது பல்லு எங்கவே? எங்கிட்டயே ஒண்ணு அடிக்கப் பாக்கீரா?'ன்னு கேட்டுட்டாவ. எனக்கு அழுகையே வந்துட்டு. பெறகு கடசிப் பத்துக் கோட்ட அழிச்சுட்டு, கொஞ்சம் கொஞ்சம் நெருக்கி இன்னொண்ணு எடம் பண்ணினேன்."

"எப்படி எண்ணினாவ?" என்று கேட்டவர் மேஸ்திரி. பட்டறையில் அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது.

ஆசாரி விரலை மடக்கி, அண்ணாச்சியின் குரலிலேயே சொல்லிக் காட்டினார்: "லாபம்... ஒண்ணு... ரெண்டு... மூணு..."

நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை 'ஒண்ணு' என்று சொல்லமாட்டார்கள். மங்கலமாக 'லாபம்' என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். அந்த லாபம்தான் ஒன்று. எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அண்ணாச்சியும் நெல்லை விற்கும்போது அப்படித்தான் எண்ணுவார். சம்சாரியிடம் வாங்கும்போது மட்டும் லாபம் சாமிக்கு என்று கணக்கில் சேராமல் போய்விடும். ஒன்று அதற்குப் பிறகுதான் பிறக்கும். பல்சக்கரம் தனக்கு வருகிற சரக்கு அல்லவா? வாய் தன் பழக்கத்தில் வாங்குகிற கணக்கைப் போட்டுவிட்டது.

எனக்கு இது புரிய அரை நிமிடம் ஆயிற்று. கந்தசாமிக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. அவர் பல வருடமாக அண்ணாச்சிக்கு நெல் போடுகிறவர்.

"ஆசாரி, இன்னொருக்கா சொல்லும்" என்றார்.

"லாபம், ஒண்ணு, ரெண்டு..."

"வே அண்ணாச்சி, எங்க களத்துல வந்து அளந்ததும் இப்படித்தானா?"

"அது வேறவே, இது வேற" என்றார் அண்ணாச்சி. மூக்குநுனி வேர்த்துவிட்டது. "அது நெல்லு."

"ஆமா, நெல்லு. நெல்லுக்குப் பல்லு இல்ல. இருந்திருந்தா மொத வருசமே ஒம்ம கையக் கடிச்சிருக்கும்."

மைதீன் எஞ்சினைத் துடைக்கப் போய்விட்டார். அது காலையிலேயே துடைத்தது. மேஸ்திரி மேலே பூசணிக்காயைப் பார்த்தார். நான் கையை இன்னும் மடக்கவில்லை. இதற்கும் சேர்த்து என்னைத்தான் ஏசுவார் என்று நின்றேன்.

தீர்ப்பு

புது அச்சு மறுநாளே ஆயிற்று. ஆசாரி கோடு போடும்போது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் சக்கரம் வந்தது. நாற்பது பல். மாட்டி ஓட்டினோம். ஒரு சுற்று, பத்துச் சுற்று, நூறு சுற்று. உதைக்கவில்லை. மைதீன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஓடுதா நிக்கான்னே தெரியலவே" என்றார். எனக்கு அந்த அமைதி புதிதாக ஒரு பயத்தைக் கொடுத்தது. அது வேறு விஷயம்.

ஜின் சக்கரத்தை இரண்டு நாளில் வெட்டி முடித்தேன். கந்தசாமி அதை வண்டியில் ஏற்றி வைக்கோல் போட்டு மூடினார். அண்ணாச்சி கூலி எட்டு ரூபாய் என்றார்.

"லாபத்துல கழிச்சிக்கிடும்" என்று சொல்லிவிட்டுக் கந்தசாமி மாட்டைத் தட்டினார். அண்ணாச்சி கும்பிடு போட்டு வழியனுப்பினார். கங்கைகொண்டானில் எத்தனை களம் இருக்கிறது, எத்தனை சம்சாரி இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

வேலை போகவில்லை. என்னைத் தவிர அந்த மிஷினின் சாடை தெரிந்தவன் வேறு யாருமில்லை. ஆனால் பிடித்த மூன்று ரூபாய்? அதைக் கேட்க எனக்குப் பதினாறு நாள் பிடித்தது. ஆவுடைக்கு மாதம் நெருங்கிவிட்டது. மருத்துவச்சிக்குக் கொடுக்கவேண்டும். பதினேழாம் நாள் கல்லாப்பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பழக்கம். அவர் நிதானமாக யோசித்தார்.

"ஏலே சொடல, நியாயத்தப் பேசுவோம். அந்த அச்சுல இருக்கக் கூடாத பல்லு எத்தன?"

"ஒண்ணு அண்ணாச்சி."

"ஒடஞ்ச சக்கரம்?"

"மூணு."

"அப்போ இருக்கக் கூடாத பல்லு மூணு. அதுக்கு ஒன்னப் புடிச்சது தப்பு. தப்புன்னு நானே சொல்லுதேன் பாரு. இந்தா முக்கால் ரூபா." மூன்று நாலணாக்களை எடுத்து வைத்தார். "மிச்சம் ஒம்போது பல்லும் இருக்க வேண்டிய பல்லுதானலே? அத நீதான ஒடச்ச?"

இதற்கு என்ன சொல்வது என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை. கேட்டால் அந்த முக்கால் ரூபாயையும் திருப்பி வாங்கிவிடுவாரோ என்று பயம்.

மருத்துவச்சி, கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு மீதிக்குத் தவணை சொன்னாள். பெண் குழந்தை. மருத்துவச்சியின் தவணையை நான் கட்டி முடித்தேன். அண்ணாச்சி காலமாகி வெகுகாலமாகிறது. அவர் மகன் பெரிய ஆளாகிவிட்டான். ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவனிடம், சிரித்துக்கொண்டே சொல்வதுபோல இந்த மிச்சக் காசைப் பற்றிச் சொன்னேன். "அப்பா கணக்கு எல்லாம் அப்பாவோட போச்சு மாமா" என்று அவனும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

என் கணக்கு போகவில்லை. ஒன்பது பல், பல்லுக்கு நாலணா. பாக்கி இரண்டு ரூபாய் நாலணா.